மாத்திரை இல்லாமல் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க முடியுமா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 108, கழுத்தைச் சுற்றிக் கருமை, தொப்பை கூடிக்கொண்டே போகிறது. உணவையும் நடையையும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே நிலையைச் சில ஆண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருப்பவன். நீரிழிவுக்கு முந்தைய இக்கட்டத்தில் பலருக்கு அது முடிகிறது. ஆனால், எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

இன்சுலின் எதிர்ப்பு என்னும் இந்நிலையில், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் குறைவாகச் சுரப்பதில்லை. தசையும் கல்லீரலும் அதற்குச் சரிவர இணங்காததால், கணையம் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையைச் சமாளிக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்வரை சேமித்த கொழுப்பு எளிதில் கரைவதில்லை.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவும் உடலுழைப்பும் மாறியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதமும், மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதமும் குறைந்தன. இதில் எனக்கு வியப்பளித்தது, பழக்கங்களை மாற்றியவர்களின் எடை பெரிதாக இறங்காமலேயே இப்பலன் கிடைத்தது என்பதுதான். ஆகவே, எடை அசையவில்லை என்று மனம் தளராமல் இடுப்புச் சுற்றளவை அளந்து வாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

உணவில், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கோ சிறுதானியத்துக்கோ தாவுவதையே பலரும் மருந்தாக நினைக்கிறார்கள். கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். சிறுதானியம் என்ற பெயருக்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. தட்டில் பாதியைக் கீரை, அவரை, வெண்டைப் பொரியலுக்கும், கால் பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவற்றுக்கும் ஒதுக்கி, அவற்றை முதலில் உண்டு, மீதிக் கால் பங்குச் சோற்றைக் கடைசியில் உண்பதே எனக்குப் பயன்பட்டது. மாலையில் சர்க்கரை போட்ட காபியோடு வரும் பிஸ்கட்டையும் முறுக்கையும் நிறுத்துவதுதான் கடினம். விருந்தினர் வீட்டில் இன்னும் கடினம்.

தசை இயங்கும்போது இன்சுலினின் துணை இல்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கிறது. அதனால், சாப்பிட்டவுடன் சாய்ந்துகொள்ளாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும், வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குவது, நாற்காலியில் கையூன்றாமல் அமர்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சிகளைச் செய்வதும் மருந்துக்கு நிகராக மதிக்கத்தக்கவை. உறக்கம் குறைந்தாலும் இன்சுலினின் வேலைத்திறன் குறையும்.

பெண்ணாக இருந்து மாதவிடாயும் தவறினால், சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்போர் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.