வேலைக்கான பயோடேட்டா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.காம். முடித்து, நெசவு நூல் கடையில் நான்கு வருடம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதினேன். டி.டி.பி. சென்டரில் மூன்று பக்கம் பயோடேட்டா அடித்து (பிரதி இணைத்துள்ளேன்) பல இடங்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியும் ஒருவரும் கூப்பிடவில்லை. பழைய கடையில் அனுபவச் சான்றிதழும் தர மறுக்கிறார்கள்.
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் பிரதியில் முதல் பக்கம் முழுக்க அப்பா பெயர், மதம், சாதி, ரத்த வகை, ஆதார் எண். பார்த்த வேலையோ கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'அக்கவுன்டன்ட், 4 வருடம்'. முதல் பக்கத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். பெயர், ஊர், செல் நம்பர், மின்னஞ்சல் போதும். ஆதார் எண் கண்டிப்பாக வேண்டாம். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அந்த ஒரு வரியை ஐந்தாறு வரியாக்குங்கள். தினம் எத்தனை பில் போட்டீர்கள்? எத்தனை பார்ட்டிக்கு லெட்ஜர் பார்த்தீர்கள்? வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் (சரக்கு வண்டியோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு) எடுத்தீர்களா? வங்கி ஸ்டேட்மென்ட்டோடு டேலியை ஒத்துப் பார்த்தீர்களா? மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் கடையென்றால், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம், 20-க்குள் வரி கட்டுவதற்கான 3பி படிவம். அதை நீங்களே தாக்கல் செய்தீர்களா, ஆடிட்டருக்கு விவரம் மட்டும் எடுத்துக் கொடுத்தீர்களா? இரண்டும் வேறு வேறு வேலை, செய்ததை மட்டும் எழுதுங்கள். எண்களைக் கூட்டி எழுத வேண்டாம்; இன்டர்வியூவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

சான்றிதழ் தராவிட்டாலும் வழி இருக்கிறது. சம்பளம் வங்கியில் ஏறியிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட், பி.எஃப். பிடித்திருந்தால் அதன் பாஸ்புக். ரொக்கமாக வாங்கியவர் என்றால், கடைக் கணக்கைப் பார்த்துவந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருவரிடம் சம்மதம் கேட்டு, விசாரிக்க அவர் எண்ணைக் கொடுங்கள்.

போட்டோவாக அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் பல, படத்தில் உள்ள எழுத்தைப் படிப்பதில்லை. கட்டங்களும் இரட்டைப் பத்தியும் இருந்தால் வரிகளைக் குழப்பிவிடும். கட்டம் இல்லாமல் வேர்டில் அடித்து பி.டி.எஃப். ஆக்குங்கள். அதை மொத்தமாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. சென்டரில் வேர்டு ஃபைலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரியாவது மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐ.டி.ஐ. டர்னர் முடித்தவன், அனுபவம் இல்லை. எதை எழுதுவது?
– வாசகர், மேட்டூர்

பதில்: லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கை பழகிய வேலைகளை எழுதுங்கள் தம்பி: ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர், திரெட். வெர்னியரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளக்கத் தெரியும் என்றால் அதுவும் ஒரு வரி. அப்ரன்டிஸ் முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ் மேலே வரட்டும். 'சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) தெரியும்' என்று மட்டும் விடாதீர்கள். ஜாப் மாட்டி ஓட்டுவது, ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) மாற்றுவது, புரோகிராம் எழுதுவது மூன்றில் எதுவரை தெரியும் என்று சொன்னால்தான் உங்களை எந்த மெஷினில் நிறுத்தலாம் என்று சூப்பர்வைசர் முடிவு செய்ய முடியும்.