எண்ணூர் சாம்பல் அணுக்கழிவைவிடக் கதிரியக்கம் மிக்கதா? ஆய்வுக் கட்டுரைகள் என்ன சொல்கின்றன?

எர்ணாவூரில் இருந்து இளநிலை வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அனல் மின் நிலையச் சாம்பலில் அணுக்கழிவைவிட அதிகக் கதிர்வீச்சு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? இது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது?"

உண்மையில்லை. அந்தச் செய்திக்கு மூலமான கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை. அதற்காகச் சாம்பலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். திருவொற்றியூரில் வளர்ந்து வேதியியல் கற்பித்து வரும் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. கதிர்வீச்சு என்றவுடன் எல்லோருடைய கவனமும் அங்கே போய்விடுகிறது. சாம்பலில் உள்ள ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

முதலில் மூலக் கட்டுரையைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1978-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது அது. 1000 மெகாவாட் நிலக்கரி நிலையமும் அதே திறனுள்ள அணுமின் நிலையமும் இயல்பாக இயங்கும்போது காற்றில் விடும் கதிரியக்கப் பொருட்களை மட்டும் ஒப்பிட்டார்கள். நிலக்கரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியமும் இரண்டு பங்கு தோரியமும் இருக்கின்றன, சாம்பலில் 1 விழுக்காடு புகைபோக்கி வழியே தப்பிவிடுகிறது என்று வைத்துக் கணக்கிட்டார்கள். சுற்றுவட்டாரத்தாருக்குச் சேரும் கதிர்வீச்சு இரண்டிலும் ஒப்பிடத்தக்க அளவில் இருந்தது. சில கணக்குகளில் நிலக்கரி நிலையத்தின் பங்கு கூடுதல். உலையில் பயன்படுத்தி எடுத்த அணு எரிபொருள் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே இல்லை. 2007-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் "நிலக்கரிச் சாம்பல் அணுக்கழிவைவிடக் கதிரியக்கம் மிக்கது" என்ற பொருளில் தலைப்பிட்டது. பிறகு விளக்கக் குறிப்பும் சேர்த்தது. உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது தலைப்பு மட்டும்தான்.

அப்படியானால் சாம்பலில் கதிரியக்கம் இருக்கிறதா? இருக்கிறது. கரி எரிந்து போக, யுரேனியமும் தோரியமும் ரேடியமும் பெரும்பாலும் சாம்பலிலேயே தங்கிவிடுகின்றன. பாலைச் சுண்டக் காய்ச்சினால் கெட்டிப்படுவது போலத்தான். எந்த அளவுக்குச் சுண்டுகிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அமெரிக்க வெளியீடுகள் பத்து மடங்கு என்கின்றன. நிலக்கரியில் சாம்பல் 10 விழுக்காடு என்றால் அது சரி. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். 40 என்று கொண்டால் செறிவு இரண்டரை மடங்குதான் கூடும். ஆனால் ஒரு டன் கரிக்கு நான்கு மடங்கு சாம்பல் மிஞ்சும். நம் பக்கத்துப் பிரச்சினையே அந்தக் குவியல்தான். இறக்குமதிக் கரியைக் கலந்து எரித்தால் கணக்கு மாறும் என்பதால், எந்தக் கரி என்று சொல்லாத கட்டுரையை நான் நம்பி எடுத்துக்கொள்வதில்லை.

அலகுகளில் கவனமாக இருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியம் என்பது யுரேனியம்-238 கணக்கில் கிலோவுக்குச் சுமார் 12.35 பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல்). ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து 'ரேடியம் இணைமதிப்பு' என்று ஓர் எண் தருவார்கள்: ரேடியத்தின் அளவோடு தோரியத்தை 1.43 ஆலும் பொட்டாசியம்-40 ஐ 0.077 ஆலும் பெருக்கிக் கூட்டுவது. கட்டுமானப் பொருளுக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 370 பெக்கெரல். ஐ.நா. கதிர்வீச்சு அறிவியல் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் உலக மண்ணுக்குத் தரும் 35, 30, 400 என்ற இடைமதிப்புகளைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 109 வரும். எந்தச் சாம்பல் அளவீட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் பயமும் அலட்சியமும் இரண்டுமே குறையும்.

செய்முறைப் பகுதியில் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்தார்களா? ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். அது தப்பிக்காமல் ரேடியத்தோடு சமநிலைக்கு வந்த பிறகு காமா நிறமாலை எடுத்தால்தான் ரேடியத்தின் அளவு சரியாக வரும்.

இனி வேதியியல். என் மனம் கிடப்பது இங்கேதான். கொதிகலனின் வெப்பத்தில் ஆர்சனிக், செலினியம் போன்றவை ஆவியாகி, புகை குளிரும்போது நுண்துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. யுரேனியத்தின் பெரும்பகுதி துகளின் கண்ணாடிப் பொருளுக்குள் சிக்கிக்கொள்கிறது, எளிதில் கரையாது. மேற்பரப்பில் இருப்பதுதான் தண்ணீர் பட்டதும் முதலில் கிளம்பும். அந்த நுண்துகள்தான் மூச்சிலும் ஆழமாகப் போகும்.

எவ்வளவு கரைகிறது என்று சொல்லப் பல கட்டுரைகள் டி.சி.எல்.பி. என்ற அமெரிக்கச் சோதனையைப் பயன்படுத்துகின்றன. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டி அளப்பது. நகரக் குப்பைமேட்டின் அமிலச் சூழலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது அது. நம் சாம்பல் போய்ச் சேரும் எண்ணூர் கழிமுகமோ, அதாவது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடமோ, ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர். காரத்தன்மை பக்கம் சாய்ந்தது. ஈயமும் காட்மியமும் அமிலத்தில் நன்றாகக் கரையும். ஆர்சனிக் காரத்தன்மை கூடும்போது துகளின் பிடியை விட்டு வரக்கூடியது. "சோதனையில் வரம்புக்குள் இருந்தது" என்ற முடிவை அப்படியே எண்ணூர் கழிமுகத்துக்குப் பொருத்த முடியாது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்கள் நிற்பது அசிட்டிக் அமிலத்தில் இல்லை.

படிக்கப் பணம் தேவையில்லை. ஐ.நா. குழுவின் அறிக்கைகள் இணையத்தில் இலவசம். சர்வதேச அணுசக்தி முகமை 1970 முதல் நடத்தும் ஐனிஸ் களஞ்சியமும் அப்படியே. தமிழகப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும். இதழ்க் கட்டுரையில் சுருக்கிவிடும் செய்முறை அவற்றில் விரிவாக இருக்கும். அரசுக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால், கட்டண ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும், 2025 சனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றி நூலகரிடம் கேளுங்கள்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதை எடுக்கிறீர்கள் என்றால், கழிமுக நீரையே கரைப்பானாக வைத்துச் சாம்பலைக் குலுக்கிப் பாருங்கள். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தனித்தனியாக நீர் எடுங்கள். ஆர்சனிக் அளக்கும் கருவி கல்லூரியில் இல்லாவிட்டாலும் பி.எச்., மின்கடத்தல், சல்பேட் மூன்றையும் அங்கேயே அளக்கலாம். வடிகட்டிய நீரை நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பத்திரப்படுத்தி வெளி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சாம்பலை ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். காய்ந்ததை அள்ள நேர்ந்தால் முகக்கவசம் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.