பத்தொன்பது கூண்டுகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

என்னிடம் இப்போது 19 ஊர்வன இருக்கின்றன. பல்லிகளில் ஆறு லெப்பர்ட் கெக்கோ, மூன்று பியர்டட் டிராகன், மூன்று கிரெஸ்டட் கெக்கோ. பாம்புகளில் நான்கு பால் பைத்தான், இரண்டு கார்ன் ஸ்நேக். இவற்றோடு ஒரு சிவப்புக்காது ஆமை. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கூண்டு. முதல் கெக்கோ வந்தபோது தினமும் பத்து நிமிட வேலைதான். இன்று அலுவலகம் போய்விட்டு வந்தால் எதற்கும் தெம்பில்லை. அதனால் எல்லா வேலையையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன். வார நாட்களில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றி, பல்லிகளுக்குக் கொஞ்சம் பூச்சியோ கீரையோ போட்டுவிட்டு ஓடுகிறேன். பாம்புகளுக்கு இரை கொடுப்பதும் எல்லாக் கூண்டுகளையும் தரை துடைக்கும் திரவத்தால் கழுவுவதும் ஞாயிறு அன்றுதான். ஏழு மணி நேரம் ஆகிறது.

போன வாரம் ஒரு பால் பைத்தான், காலையில் தின்ற எலியை மறுநாள் கக்கிவிட்டது. அதே வாரம் ஒரு லெப்பர்ட் கெக்கோவின், கொழுப்பைச் சேமித்து வைக்கும் வால் மெலிந்திருப்பதைப் பார்த்தேன். எப்போதிலிருந்து மெலிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதற்கிடையில் ஒரு நண்பர் தன் கார்ன் ஸ்நேக்கை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கால அட்டவணை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணை சொல்கிறேன். ஆனால் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கைவிடுங்கள். பைத்தான் கக்கியதும், வால் மெலிந்தது கண்ணில் படாமல் போனதும், இரண்டுமே அந்த ஒரு நாளில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

பைத்தானை எடுத்துக்கொள்வோம். காலையில் எலியைத் தின்றது. பிற்பகல் கூண்டு கழுவ அதை வெளியே எடுத்திருப்பீர்கள். கழுவிய கூண்டு மீண்டும் சூடேற ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். நமக்கு உடற்சூடு உள்ளிருந்து வருகிறது. பாம்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அது விழுங்கிய எலி வயிற்றில் செரிப்பதும் அழுகுவதும் அந்தச் சூட்டைப் பொறுத்தது. பர்மிய மலைப்பாம்பில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரை விழுங்கிய ஓரிரு நாட்களில் அதன் சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பருத்து எடை கூடுகின்றன. செரித்து முடிந்ததும் பழையபடி சுருங்கிவிடுகின்றன. ஒரு எலிக்காக உடம்பே அத்தனை பாடுபடும் நேரத்தில் நாம் கையை விட்டுத் தூக்குகிறோம். அஞ்சிய பாம்பு தப்பி ஓட உடம்பை இலேசாக்கப் பார்க்கிறது, கக்கிவிடுகிறது.

கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் வருவதால் தொண்டை புண்ணாகிறது. பசித்திருக்குமே என்று நாளைக்கே இன்னொரு எலியைக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் வைத்து, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை கொடுங்கள். மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி ஒரு பாம்பு தின்ற பிறகு குறைந்தது 48 மணி நேரம் அதைத் தொடாதீர்கள். கூண்டு கழுவும் நாளைப் பாம்பின் எச்சமே முடிவு செய்யட்டும். பால் பைத்தான் தின்று ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் பெரிதாக எச்சமிடும். அன்று முழுசாகக் கழுவிவிட்டால், அடுத்த இரை வரை தண்ணீர்ப் பாத்திரம் தவிர வேறு வேலை அதிகம் இருக்காது. வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரை போதும். ஆறு பாம்புகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து வெவ்வேறு வாரத்தில் வைத்துவிட்டால், எந்த வாரமும் இரண்டு எலிகளுக்கு மேல் உருக வைக்க வேண்டியிருக்காது.

எலியை உருக வைப்பதிலும் அவசரம் கூடாது. முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். கொடுக்கும் முன் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், உள்ளே ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் இருக்கும். நான் எப்போதும் கடைசியில் எலியின் தலையை மட்டும் இன்னும் அரை நிமிடம் வெந்நீரில் பிடித்திருப்பேன். பால் பைத்தானின் மேலுதட்டோரத்தில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன, அவற்றால் அது வெப்பத்தை உணர்கிறது. நீண்ட இடுக்கியில் பிடித்த எலி கூண்டுக்குள் போனதும், சுருண்டு கிடந்த தலை ஒரு விரல்கடை மட்டும் எழும். நாக்கு மெதுவாக நான்கைந்து முறை வந்து போகும். கழுத்து ஆங்கில எழுத்து எஸ் போல வளையும். அப்போது உங்கள் கை அசையக் கூடாது, மூச்சுகூடச் சத்தமாக விடாதீர்கள். இதற்கு ஒரு கூண்டுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஏழு மணி நேர ஓட்டத்துக்கு நடுவில் இந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்?

பாம்பு சாப்பிடவில்லை என்று பதறுகிறவர்கள் நிறைய. நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த பால் பைத்தான் இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்த பிறகு கொடுங்கள். அது பட்டினியா நோயா என்று சொல்லக்கூடியது எடை ஒன்றுதான். இங்கேதான் உங்கள் கெக்கோவுக்கு வருகிறோம்.

வால் எப்போதிலிருந்து மெலிந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அப்போது என்னிடம் பதினொரு லெப்பர்ட் கெக்கோக்கள் இருந்தன. பன்னிரண்டாவதாக ஒன்றை ஒரு விற்பனையாளரிடமிருந்து வாங்கினேன். கொழுத்த வால், தெளிவான கண்கள். நோய் இருந்தாலும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. வந்த அன்றே மற்றவற்றின் பக்கத்தில் வைத்தேன். அதே இடுக்கி, அதே துடைக்கும் துணி, அதே வாளி.

மூன்றாம் மாதம் என்னுடைய பழைய பெண் கெக்கோ ஒன்று புழுவை எப்போதும்போலப் பதுங்கிப் போய், வால்நுனியை ஆட்டி, கவ்வியது. இரண்டு முறை மென்றது. பிறகு வாயைத் திறந்து அப்படியே கீழே விட்டுவிட்டு, புழு ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. எச்சம் கூழாக, வழக்கத்தில் இல்லாத நாற்றத்தோடு இருந்தது. வாலைத் தொட்டால் தோலுக்கு அடியில் எலும்பு கணுக்கணுவாகத் தட்டுப்பட்டது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி. நான்கு கெக்கோக்கள் போயின. புதிதாக வந்ததும் அவற்றில் ஒன்று. அந்த ஒட்டுண்ணியை பிளீச், குளோரெக்ஸிடின் ஆகிய கிருமிநாசினிகள் ஒன்றும் செய்வதில்லை. கொதிநீர், நீராவி, நன்றாகக் காய வைத்தல், இவை அதை ஒடுக்கும். நான் அக்கறையோடு கூண்டு கூண்டாகத் துடைத்த துணிதான் அதை எடுத்துப் போயிருக்கிறது. அந்த நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இரண்டு. ஒன்று நோட்டு. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பக்கம். தேதி, தின்றது, தின்னாமல் விட்டது, எச்சம், சட்டை உரித்தது, எடை. பல்லிகளை வாரம் ஒருமுறையும் பாம்புகளை மாதம் ஒருமுறையும் நிறுக்கிறேன். கிராம் காட்டும் சமையல் தராசு போதும், ஆனால் அதைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. 60 கிராம் கெக்கோ 54 கிராம் ஆவதை எந்தக் கண்ணும் காட்டிக்கொடுக்காது, தராசு காட்டும். பத்தில் ஒரு பங்கு எடை காரணமில்லாமல் இறங்கினால் நான் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவேன். எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகி மணல்போல் இறுகியிருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று வரிசை. தினமும் ஒரே வரிசையில் போவேன். குட்டிகளும் நலமாக இருப்பவையும் முதலில், சந்தேகம் உள்ளவை அடுத்து, புதிதாக வந்தவை கடைசியில். கடைசிக் கூண்டைத் தொட்ட பிறகு அன்று வேறெதையும் தொடுவதில்லை. புதியவற்றைத் தனி அறையில் 90 நாள் வைக்கிறேன், அவற்றுக்கு இடுக்கியும் பாத்திரமும் தனி. கீழே வெறும் காகிதத் துண்டு விரித்திருப்பேன். எச்சமும், பாம்பின் இரத்தத்தை உறிஞ்சும் மைட் என்னும் சிற்றுண்ணியின் கருப்புப் புள்ளிகளும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

தரை துடைக்கும் திரவத்தை இன்றே நிறுத்துங்கள். பைன் வாசனை வரும் ஃபீனால் கலந்தவை ஊர்வனவற்றுக்கு நஞ்சு. முதலில் சோப்பு நீரில் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வீண். பிறகு குளோரெக்ஸிடின் கரைசலோ பத்துக்கு ஒன்று என்று நீர்த்த பிளீச்சோ ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசி, வாசனை போகும் வரை காய வையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள எதையுமோ சேர்த்தால் வருகிற வாயு உங்களையே சாய்த்துவிடும்.

எல்லாக் கூண்டையும் வாரம் ஒருமுறை அடியோடு கழுவத் தேவையும் இல்லை. லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் எச்சமிடும். தினமும் அந்த மூலையை எடுத்தால் முழுக் கழுவலை மாதம் ஒருமுறைக்குத் தள்ளலாம். பாம்பு தன் வாசனையை வைத்துத்தான் தன் இடத்தை அறிகிறது. கழுவும்போது பழைய மரக்கட்டையோ பொந்தோ ஒன்றைச் சுத்தமாக இருந்தால் அப்படியே திருப்பி வையுங்கள். நோய் வந்த கூண்டுக்கு இது பொருந்தாது.

தினசரி வேலை என்று பார்த்தால் காலையில் இருபது நிமிடம், இரவில் அரை மணி. விளக்கு போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் டிராகன்களுக்குக் கீரை. அவை பகல் விலங்குகள், தின்றதைச் செரிக்க வெயில்போன்ற சூடு பல மணி நேரம் வேண்டும், ஆகவே பூச்சியை மாலை விளக்கணைக்கும் நேரத்தில் கொடுக்காதீர்கள். வளர்ந்த டிராகனுக்குக் கீரைதான் முக்கிய உணவு. பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். புற ஊதா விளக்கில் வெளிச்சம் வந்துகொண்டு இருக்கும்போதே அதன் யுவிபி என்னும் கதிர் குறைந்துவிடும். மாட்டிய தேதியை விளக்கிலேயே எழுதி, தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கால்சியம் பொடி தூவியும் பயனில்லை, எலும்பு வளைந்துவிடும்.

கெக்கோக்களின் முறை இரவு. லெப்பர்டுகளில் மூன்றுக்கு ஒரு நாள், மூன்றுக்கு மறுநாள். பூச்சிகளுக்கு முந்தைய நாளே நல்ல தீனி போட்டிருக்க வேண்டும், பல்லிக்குப் போய்ச் சேர்வது பூச்சியின் வயிற்றில் இருப்பதும்தான். மிஞ்சிய கிரிக்கெட் பூச்சிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், தூங்கும் பல்லியை அவை கடிக்கும். கிரெஸ்டட்களுக்குக் கரைத்த பொடி உணவு ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு, மறுநாள் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மாலையில் நீர் தெளிக்கும்போது தெர்மாமீட்டரையும் பாருங்கள், 28 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அவை தவிக்கும்.

ஆமை ஒன்றுதான், ஆனால் அதன் தொட்டி உங்கள் பாம்புகள் ஆறையும்விட வேலை வாங்கும். தனி வாளியில் வைத்துத் தீனி கொடுத்தால் தொட்டி அவ்வளவு சீக்கிரம் கலங்காது. வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவாமல் எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள், அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. இந்த வாளிகளும் பாத்திரங்களும் சமையலறைத் தொட்டிப் பக்கம் வரவே கூடாது. ஆமைகளிடமிருந்து குழந்தைகளுக்கு சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி பரவியதால்தான் அமெரிக்காவில் 1975-இல் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நண்பரின் கார்ன் ஸ்நேக்கை இப்போது எடுக்காதீர்கள். தனி அறையில் 90 நாள் வைக்க இடம் இல்லாதவரை, 19 பக்கங்களும் இரண்டு மாதம் விடாமல் எழுதப்படாதவரை வேண்டாம். அவருக்கு வருத்தமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் இருப்பதில் இரண்டு மூன்றை நல்ல கைகளில் ஒப்படைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். நானும் ஒரு காலத்தில் ஐந்து பாம்புகளை அப்படிக் கொடுத்திருக்கிறேன். மனது கனத்தது, ஆனால் மீதி இருந்தவற்றின் முகம் அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

நாளை காலை முதல் வேலையாக அந்த மெலிந்த கெக்கோவை வேறு அறைக்கு மாற்றி, எடையை எழுதுங்கள். அடியில் காகிதம் விரித்து, புதிய எச்சத்தைச் சிறு மூடிபோட்ட டப்பாவில் எடுத்து, குளிர்பெட்டியில் உணவுப் பொருள்களோடு சேராமல் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிரிப்டோஸ்போரிடியம் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அந்த ஒட்டுண்ணி எல்லா எச்சத்திலும் வெளிவராது, ஆகவே முதல் முறை இல்லை என்று வந்தாலும் சில வாரம் விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.