மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை, நெருங்கவும் விடுவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: கல்யாணமாகி ஒன்றரை வருடம். டயட் என்று ஆரம்பித்த மனைவி இப்போது சோற்றைத் தொடுவதே இல்லை. மாதவிடாய் நின்றுவிட்டது. கை பட்டாலே விலகிக்கொள்கிறார். “என்னைப் பிடிக்கவில்லையா, வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உளவியல் சிகிச்சையாளர். என்னிடம் வருபவர்களில் உணவுக் கோளாறு உள்ளவர்கள் கணிசம். உங்கள் மனைவியைப் பார்க்காமல் அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் கோளாறு) என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது கள்ளக்காதல் இல்லை, பட்டினி.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோம் அல்லவா, அந்தப் பத்து எவை என்று ஔவையார் எண்ணியே சொல்லியிருக்கிறார். மானம், குலம், கல்வி என்று போகிற வரிசையில் பத்தாவதாக வருவது காமம். ஆணை வைத்துச் சொன்னது, பெண்ணுக்கும் பொருந்தும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தாமாக முன்வந்தவர்கள். 24 வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரிதான் சாப்பாடு. கால்வாசி எடை போனது. அதோடு நிற்கவில்லை. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், ஆள் கூட்டத்தைத் தவிர்த்தார்கள். பெண்கள் மேல் இருந்த நாட்டம் வற்றிப்போனது. காதலியைப் பிடிக்காமல் போனதால் இல்லை. உடம்பு அந்தச் செலவை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்குப் பல டயட் ஆப்கள் பெண்களுக்கு 1200 கலோரி என்று கூசாமல் சொல்கின்றன.

உள்ளே நடப்பது ஒன்றும் ரகசியம் இல்லை. சாப்பாடு போதாமல் எடை இறங்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பையை இயக்கும் சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும், மாதவிடாய் நிற்கும், ஆசை அடங்கும். பிறப்புறுப்பு வறண்டு உறவே வலிக்கலாம். ஒருமுறை வலித்தால் அடுத்த முறை கை பட்டதும் உடம்பு தானாக இறுகும். நீங்கள் பார்க்கும் விலகலில் இதுவும் இருக்கலாம்.

நம் ஊரில் இது “விசேஷம் ஏதாவது உண்டா?” என்ற கேள்வியில் போய் முட்டும். உடனே குழந்தையின்மை மருத்துவமனை, ஸ்கேன், ஹார்மோன் மாத்திரை. “நேற்று என்னம்மா சாப்பிட்டாய்?” என்று கேட்க ஆள் இருக்காது. மாத்திரை போட்டு வரவழைத்த ரத்தப்போக்கை வைத்து உடம்பு தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சரி, எல்லாமே கலோரிக் கணக்குதானா? இல்லை. சிலருக்கு இது எதிர்த்திசையிலும் ஓடும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஆர்தர் கிரிஸ்ப், அனோரெக்சியாவை வயதுக்கு வருவதிலிருந்தே பின்வாங்குவதாகப் பார்த்தார். மார்பும் இடுப்பும் பிறர் பார்வையும் பயமுறுத்தும்போது, பட்டினி அவற்றை அழித்துக்கொடுக்கிறது. சிலரிடம் இதை நானும் கண்டிருக்கிறேன். எல்லோருக்கும் இதையே பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருக்கத்தான் வேண்டும் என்று முதல் நாளே தோண்ட ஆரம்பிக்கும் சிகிச்சையாளர்களிடம் எனக்குக் கோபமே உண்டு.

என் வேலையில் அதிக நேரம் போவது உணர்ச்சிகளோடுதான். பலரைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி ஒருவரைச் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி செய்வார், உப்புகூடப் பார்க்க மாட்டார். விருந்தில் சோற்றை அப்பளத்துக்கு அடியில் தள்ளி இலையை மூடுவார். கேட்டால் சஷ்டி, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை. கோபம் வருமா என்றால் “எனக்கு எதுவும் இல்லை மேடம்” என்பார். உண்மையிலேயே இல்லை. பட்டினி மரத்துப்போகச் செய்கிறது, அந்த மரத்துப்போதலுக்காகவே சிலர் அதை விட மாட்டார்கள்.

அவர் மூன்று வேளை சாப்பிடத் தொடங்கியபின் கணவர் எனக்குப் போன் செய்தார். “உங்களிடம் வந்த பிறகுதான் மோசமாகிவிட்டாள், எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறாள்.” சண்டை எதற்கு? தன்னைக் கேட்காமல் மாமியார் வீட்டு மாடிக்குக் குடிபோக முடிவெடுத்ததற்கு. அந்த முடிவுக்கு அப்போதே இரண்டு வயது. எனக்கு அது நல்ல செய்தி. முதலில் திரும்பி வந்தது கோபம், அப்புறம் அழுகை. ஆசை இவற்றுக்கெல்லாம் பின்னால், மெதுவாகத்தான் வந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. படுக்கையறைப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், அதை அவரிடம் சொல்லியும் விடுங்கள். “நீ தயாராகும்வரை நான் கேட்க மாட்டேன், எனக்குக் கவலை உன் சாப்பாட்டைப் பற்றித்தான்” என்றால் போதும். இளைத்திருக்கிறாய், சதை போட்டிருக்கிறாய் என்ற இரண்டையுமே வாயில் எடுக்காதீர்கள். முதலில் பொது மருத்துவர்: ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால், எடை சரியாகவே இருந்தாலும், தள்ளிப்போடாதீர்கள். வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நீண்ட நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து, அளவை மருத்துவர் சொல்லட்டும். மனநல மருத்துவரும் சிகிச்சையாளரும் அதற்குப் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் எண். இலவசம், தமிழில் பேசலாம். முதல் அழைப்பை அவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.