மாதாவிடம் கைமாற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொலிவியாவின் உர்குபிஞா மாதா திருவிழாவைக் காணொளியில் பார்த்தேன். பக்தர்கள் மலையில் சம்மட்டியால் பாறையை உடைக்கிறார்கள். பச்சமாமா என்கிற பூமித்தாய்க்குப் பீர் ஊற்றுகிறார்கள். இதில் கிறிஸ்தவம் எவ்வளவு, பழைய மதம் எவ்வளவு? ஆகஸ்டில் அந்தப் பக்கம் போகிறேன். வெளியாட்கள் மலையேறலாமா?

ர.

அன்புள்ள ர,

உங்கள் கடிதம் வந்தபோது கடனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு, அது போகட்டும்.

‘எவ்வளவு’ என்கிறீர்களே, பால்மானியோடா மலையேறப் போகிறீர்கள்? மேலே மாதா, அடியில் பச்சமாமா, எல்லாம் அன்று ஆண்ட ஸ்பானியர்களுக்காகப் போட்ட வேஷம் என்று சொல்வது படித்தவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக யாராவது நடிப்பார்களா? மாதா தோன்றிய கதையில் அவள் ஆடு மேய்க்கும் சிறுமியிடம் பேசுவதே அந்த ஊர்ப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில்தான். ஊரார் தேடி வந்தபோது சிறுமி கைகாட்டிக் கத்தியதும் கெச்சுவாவில்: ‘அதோ, மலைக்கு வந்தாச்சு!’ அந்தக் கூச்சல்தான் இன்று மாதாவின் பெயர்.

பீரை விடுங்கள். பூமிக்கு முதல் மடக்கு, மனிதனுக்கு மீதி, அவ்வளவுதான். நீங்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டது அந்தக் கல்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி இரவு கொச்சபம்பா நகரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் நடந்து, திருவிழா நடக்கும் கில்லாகொல்லோ ஊருக்கு வருகிறார்கள். மறுநாள் மலையில் உடைத்தெடுக்கும் கல் வரம் இல்லை, கடன். பெரிய கல் என்றால் பெரிய கடன். வீடோ லாரியோ வேண்டுமென்றால் பொம்மை வீடும் பொம்மை லாரியும் வாங்கிப் புகை காட்டிக்கொள்கிறார்கள். கல்லை வீட்டில் வைத்திருந்து, அடுத்த வருடம் மலைக்கே கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும்.

என் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாக வாங்கினால், திருப்பும்போது கோபுரமாகத்தான் கொடுப்பாள். தலைதட்டிக் கொடுத்தால் கணக்கு அன்றோடு முடிந்துவிடும், அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது என்பாள். ஒருமுறை அந்தக் கோபுரத்தை நான் வழியிலேயே தின்றுவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. இன்னொரு கைப்பிடி கொடுத்து மறுபடி அனுப்பினாள். மறுபடி போய் நின்ற என்னைப் பார்த்து அந்த வீட்டு அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பொலிவியா இருக்கும் ஆண்டீஸ் மலைநாட்டில் இந்தக் கொடுக்கல் வாங்கலை அய்னி என்பார்கள். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. பூமியோடும் அதே கணக்கு, மாதாவோடும் அதே. திருப்பலி முடித்துச் சம்மட்டியோடு நிற்கும் பெண்ணுக்குத் தான் யாரிடம் கடன் வாங்குகிறோம் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

வேறென்ன கேட்டிருந்தீர்கள்? ஏறலாமா என்றா? தாராளமாக. ஆனால் சம்மட்டியைத் தொடுமுன் அடுத்த ஆகஸ்டுக்கும் டிக்கெட் விலை பார்த்துவிடுங்கள்.