குப்பை லாரியில் பெண்கள் ஏன் இல்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குப்பை அள்ளும் வேலையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று லண்டனில் இருக்கும் என் மகள் கேட்கிறாள். எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள்தான். அவள் சொல்வது தவறா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

அவர் சொல்வதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. அங்கே குப்பை சேகரிப்பு என்றால் லாரி வேலை. வாசலில் நிற்கும் சக்கரத் தொட்டியை லாரியோடு வரும் இரண்டு மூன்று பேர் இழுத்து வந்து, பின்னால் மாட்டிக் கவிழ்க்கிறார்கள். அந்தக் குழுவில் பெண் அரிது.

நம் ஊரில் இந்த வேலை நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது: தெரு பெருக்குவது, வீடு வீடாக வாங்குவது, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பிரிப்பது, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது. முதல் மூன்றிலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ஆனால் அதே சென்னையில் கம்பாக்டர் (குப்பையை அமுக்கி ஏற்றும்) லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரையும் பின்படியில் நிற்பவரையும் பாருங்கள். பெண்ணைத் தேடத்தான் வேண்டும்.

இந்தப் பிரிவினைக்கு உடல் வலிமையைவிடப் பழக்கம்தான் முக்கியக் காரணம். குறிப்பிட்ட சில சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலை இது. அதற்குள்ளேயும் துடைப்பமும் முறமும் போதும் என்ற வேலை பெண்ணுக்கு, வண்டியும் பாதாளச் சாக்கடையும் ஆணுக்கு என்று பிரிந்தது. உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளும் கொடுமைக்கும் பெண்களையே அதிகம் தள்ளினார்கள். இன்று தள்ளுவண்டியைப் பெண் தள்ளுகிறார். பேட்டரி வண்டியையும் பல ஊர்களில் பெண்ணே ஓட்டுகிறார். என்ஜின் பெரிதாகப் பெரிதாகப் பெண்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். டிரைவர் வேலைக்குக் கூலி கூடுதல் என்பதால் இதைச் சும்மா கடந்துபோக முடியாது.

எடை தூக்க முடியாது என்பதுதானே உண்மையான காரணம்? இதில் போய்ச் சமத்துவம் பேசி என்ன பயன்?
— வாசகர், கோவை

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நம் ஊர்க் குப்பையில் ஈரம் அதிகம். ஒரு கன மீட்டர் கலப்புக் குப்பை சுமார் 400 முதல் 500 கிலோ இருக்கும். லிட்டருக்கு 450 கிராம் என்று வையுங்கள். 20 லிட்டர் பக்கெட் நிறைந்தால் 9 கிலோ. பேட்டரி வண்டியில் இருக்கும் 40 லிட்டர் டப்பா 18 கிலோ. 120 லிட்டர் இருசக்கரத் தொட்டியில் குப்பை மட்டும் 54 கிலோ, தொட்டியின் சொந்த எடை 10 கிலோ சேர்த்தால் 64. 240 லிட்டர் தொட்டி, அதன் சொந்த எடையும் சேர்த்து, சுமார் 120 கிலோ. தெருமுனையில் நிற்கும் 1,100 லிட்டர் நான்குசக்கரத் தொட்டி அரை டன்னைத் தாண்டும். மூடி உடைந்து மழைத் தண்ணீரும் இறங்கிவிட்டால் இன்னும் கூடும்.

கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த வரம்பு 23 கிலோ. அதுவும் சுமை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. ஆண், பெண் இருவரையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஆணுக்கே 55 கிலோவைத்தான் உச்ச அளவாக வைத்தது. அப்படியானால் 64 கிலோ தொட்டியை ஆணும் தூக்கக் கூடாது. அதை உருட்டத்தான் வேண்டும். உருட்டுவதற்குத்தான் சக்கரம், கவிழ்ப்பதற்குத்தான் லாரியில் லிஃப்டர்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், இந்த இரண்டும் கெட்டுப்போகும் இடத்தில். தொட்டியின் சக்கர அச்சில் முடி, நூல், பிளாஸ்டிக் நாடா சுற்றிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஒரு சக்கரம் உடைந்தால் தொட்டியைச் சாய்த்து இழுக்க வேண்டிவரும். தொட்டியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழில் ஒன்று முறிந்தாலோ, லிஃப்டரின் கை வளைந்தாலோ, ஹைட்ராலிக் குழாயில் ஆயில் கசிந்து அழுத்தம் குறைந்தாலோ தொட்டி மேலே ஏறாது. உடனே தொட்டியைத் தரையில் சாய்த்து, குப்பையைக் கூடையில் வாரி, மார்பு உயரத்துக்குத் தூக்கி லாரிக்குள் வீசுகிறார்கள். பழைய திறந்த லாரியென்றால் தலைக்கு மேல் தூக்க வேண்டும். “இது பொம்பளைங்க பாக்குற வேலை இல்ல” என்ற பேச்சு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. கெட்டுப்போன இயந்திரத்தை வைத்துக்கொண்டு பெண்ணின் உடம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த லாரியில் ஏறும் ஆணின் முதுகும்தான் வீணாகிறது.

செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒருமுறை சக்கரத்தில் சுற்றியதை அறுத்தெடுத்து கிரீஸ் வைக்க வேண்டும். உடைந்த சக்கரங்களையும் மூடிகளையும் உடனே மாற்ற உதிரியாகக் கையிருப்பு வேண்டும். டெப்போவை விட்டு லாரி கிளம்பும் முன்பு லிஃப்டரைக் காலித் தொட்டியோடு ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். லிஃப்டர் ஏறாத லாரியை அன்று லைனில் விடக் கூடாது. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருந்து, அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தாலே “தூக்க முடியாது” என்ற வாதம் பாதி கரைந்துவிடும்.

எனக்கு 23 வயது. அம்மா தெரு பெருக்குகிறார். நான் கம்பாக்டர் ஓட்ட ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகி, தாம்பரம்

முதலில் கார் லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி. எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் கையில் இருந்து ஓராண்டு ஆனால்தான் போக்குவரத்து வாகனத்துக்கான எல்.எல்.ஆர். கேட்க முடியும். குறைந்தபட்ச வயது 20, அதைத் தாண்டிவிட்டீர்கள். பிறகு அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் கனரக வாகனப் பயிற்சி, அவர்கள் தரும் பயிற்சிச் சான்றான படிவம் 5, டாக்டர் தரும் உடல்தகுதிச் சான்றான படிவம் 1ஏ, ஆர்.டி.ஓ. முன்பு சோதனை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய மத்திய விதி 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் வேலை கொடுப்பவர்கள் தனியாகக் கேட்கலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து லைசென்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அந்த ஓராண்டைச் சும்மா விடாதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் சின்ன டிப்பர் வண்டிகள் அந்த எடைக்குள் அடங்கும். அதில் ஒரு வருடம் ஓட்டினால் சந்து பொந்தெல்லாம் கைக்குள் வந்துவிடும், வேலை கேட்கும்போது அனுபவமும் சேர்ந்துவிடும்.

பெரிய கம்பாக்டரில் ஸ்டியரிங் பவர் ஸ்டியரிங்தான், அதற்குக் கைபலம் வேண்டியதில்லை. கஷ்டம் ரிவர்ஸில் இருக்கிறது. பின்னால் நிற்பவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே வண்டியை நிறுத்திவிட வேண்டும். பின்படியில் ஆள் இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. குப்பையை அமுக்கும்போது வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, அதன் பிறகே பி.டி.ஓ.வை (என்ஜின் விசையை அமுக்கும் இயந்திரத்துக்குத் தரும் இணைப்பை) சேர்க்க வேண்டும். அமுக்கும் தகடு இறங்கும்போது விளிம்பில் தொங்கும் பையை உள்ளே தள்ளக் கை நீட்டுவதுதான் இந்த லாரியில் கையைப் பறிக்கும் தவறு. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது, அழுத்தினால் நிற்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துவிடுங்கள். குப்பைக் கிடங்கில் தரை சாய்வாக இருந்தால் பின்கதவைத் தூக்காதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்தப் பேருந்தும் கனரக வண்டிதான்.

எங்கள் குழுப் பெண்களை லாரிப் பணிக்கு எடுத்தார்கள். மூன்று மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கேட்டால் யாரும் சரியாகக் காரணம் சொல்வதில்லை.
— மகளிர் குழுப் பொறுப்பாளர், மதுரை

சொல்லக் கூச்சப்படும் காரணம் பெரும்பாலும் கழிப்பறை. பெருக்குகிறவர் ஒரே பகுதியில் இருப்பதால் தெரிந்த வீடோ கோயிலோ இருக்கும். லாரியில் போகிறவருக்கு அது கிடையாது. ஆண்கள் லாரி மறைவில் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்று, வெயிலில் மயக்கம் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. லாரியின் ரூட் மேப்பை எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை வரும்படி குறியுங்கள். குறித்த இடம் அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். காலை 6 மணிக்கு மஸ்டர் (வருகைப் பதிவு) போட்டுக் கிளம்புகிறவருக்கு, 7 மணிக்குத் திறக்கும் கழிப்பறையால் என்ன பயன்? சாவி யாரிடம், காசு கேட்பார்களா என்பதையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் என்றால் வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்ப விடும் வண்டியும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

அடுத்தது கையுறை. மொத்தமாக 9, 10 அளவில் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு 7 அல்லது 8 தான் பொருந்தும். விரல் நுனியில் அரை அங்குலம் மடங்கி நிற்கும். அந்த மடிப்பு தொட்டியின் விளிம்பில் மாட்டும், பையின் முடிச்சு பிடிபடாது. எரிச்சலில் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அடுத்த பையில் உடைந்த பாட்டில் இருக்கும். மேற்பார்வையாளர் ரிப்போர்ட்டில் “கையுறை கொடுத்தும் அணியவில்லை” என்று எழுதுவார். காலணியும் இப்படித்தான், 4, 5 அளவில் வாங்கவே மாட்டார்கள். ஆர்டர் போடும் முன்பு ஒவ்வொருவர் கையையும் காலையும் அளந்து பட்டியல் கொடுங்கள். அரை நாள் வேலை அது.

உடை: சேலைக்கு மேல் கோட்டு போடுவது பெருக்குவதற்கு ஒத்துவரும். லாரிப் படியில் ஏறி இறங்கவும் லிஃப்டர் பக்கத்தில் நிற்கவும் ஒத்துவராது. முந்தானையும் துப்பட்டாவும் மாட்டும். பேன்ட், ஒளிரும் பட்டை வைத்த சட்டை, முடியை உள்ளே அடக்கும் தொப்பி வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம். மூன்றாவதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம், தேதியைக் குழு நோட்டில் எழுதிவையுங்கள்.

இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். டிரைவரோ மேஸ்திரியோ தொந்தரவு செய்கிறாரா? 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதி உதவுவது அந்தப் புகார்க் குழுவின் கடமை. புகாரே முதலாளி மீது என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஒரு லாரிக்கு ஒரே ஒரு பெண்ணை அனுப்பாதீர்கள். இருவராகப் போனால் நிலைத்து நிற்பார்கள்.

கேரளாவில் இந்த வேலையைப் பெண்களே நடத்துகிறார்களாமே?
— வாசகர், நாகர்கோவில்

ஆமாம். ஹரித கர்ம சேனை என்று பெயர், பெரும்பாலோர் குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம்) பெண்கள். வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்கி, பிரித்து அனுப்புகிறார்கள். வீட்டார் தரும் மாதக் கட்டணமே வருமானத்தின் அடிப்படை. உலர்ந்த குப்பை என்பதால் எடை குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும்.

புனேயின் ஸ்வச் கூட்டுறவு இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு. 1993-ல் குப்பை பொறுக்குவோர் சங்கம் தொடங்கி, அதிலிருந்து வளர்ந்தது. உறுப்பினர்களில் பெண்களே மிகுதி. ஈரக் குப்பையையும் அவர்களே வாங்குகிறார்கள். அங்கே பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அல்லர், வேலையின் சொந்தக்காரர்கள். ரூட்டையும் நேரத்தையும் கருவியையும் அவர்கள் சொல்லுக்கு ஏற்ப அமைக்க முடிகிறது. ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் வேலை போகுமோ என்று நடுங்கும் ஒரு பெண், கையுறை அளவு சரியில்லை என்று எப்படிச் சொல்வார்?

வீட்டிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?
— வாசகி, மயிலாப்பூர்

ஈரக் குப்பையைச் சாறு வடித்துத் தினமும் கொடுங்கள், மூன்று நாள் சேர்த்து 15 கிலோவாகக் கொடுக்காதீர்கள். இளநீர் மட்டையைத் தனியாக வையுங்கள், பத்து மட்டை ஒரு பையில் சேர்ந்தால் பை கிழிந்து காலில் விழும். நாப்கின், டயப்பரைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதியே சொல்கிறது. புனேயில் பெண் பணியாளர்கள் கேட்டுக்கொண்டபடி, செய்தித்தாளில் மடித்து மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளியைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். உடைந்த கண்ணாடியை நான்கு மடிப்பு அட்டையில் சுற்றி, நூலால் கட்டி, “கண்ணாடி” என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதனால் அதைப் பையில் போடாமல், கண்ணாடி என்று வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள்.