இடிக்குப் பிறகு மதர்போர்டு மாற்றுவது: புதியதா, பழையதா?

கேள்வி: செங்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். புளியரை, ஆரியங்காவு பக்கமிருந்து வருபவர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை அமைத்துத் தருகிறேன். ஐ5 4460 பிராசஸர், விண்டோஸ் 7, பேஜ்மேக்கர். ஐப்பசி இடிக்குப் பிறகு கணினி ஓடவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பெயர் தெரியாத கம்பெனியின் புதிய எச்81 போர்டு ஓராண்டு வாரண்டியோடும், நல்ல கம்பெனியின் பழைய போர்டு ஒரு மாத வாரண்டியோடும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் போர்டுதான் போனதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் வருகிறதா என்று மெக்கானிக்கை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்படியே வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றினால், வாங்கிய போர்டும் போய்விடலாம். அடுத்து, ராமைக் கழற்றிவிட்டு, கேபினெட் ஸ்பீக்கரை இணைத்து ஆன் செய்யுங்கள். பீப் ஒலி கேட்டால் போர்டுக்கும் பிராசஸருக்கும் உயிர் இருக்கிறது. கோளாறு ராமிலோ அதன் ஸ்லாட்டிலோ இருக்கலாம்.

போர்டுதான் போனது என்று தெரிந்தால், உங்கள் வேலைக்கு நான் பழைய போர்டையே பரிந்துரைப்பேன். உங்கள் பிராசஸர் எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் மட்டுமே உட்காரும், ராம் டிடிஆர்3. இந்த வகை போர்டுகளைப் பெரிய கம்பெனிகள் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், இன்று ‘புதிது’ என்று வருபவற்றில் பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்செட்டை (போர்டின் முக்கியச் சிப்பை) பொருத்தியவையும் உண்டு. 12ஆம் தலைமுறை பிராசஸரும் எச்610 போர்டும் வாங்குவது வேறு எவருக்கும் நல்ல யோசனைதான். ஆனால் அதன் உள்கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 7 டிரைவர் மென்பொருள் கிடையாது. புதிய விண்டோஸுக்கு மாற வேண்டிவரும் என்பதால், நீங்கள் இத்தனை ஆண்டு சேர்த்து வைத்த பேஜ்மேக்கர் கோப்புகளும் எழுத்துருக்களும் உங்களைத் திண்டாட வைக்கும்.

பழைய போர்டை வாங்கும்போது சாக்கெட் மூடியைத் திறந்து, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்கள் அனைத்தும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி மினுங்க வேண்டும்; ஒன்று மட்டும் மங்கலாகவோ வேறு பக்கம் சாய்ந்தோ தெரிந்தால் அந்தப் போர்டு வேண்டாம். கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கட்டும். பிராசஸரைச் சுற்றிப் போர்டு பழுப்பேறியிருந்தால், அது நெடுநாள் சூட்டில் ஓடியது என்று பொருள். லேன் (நெட்வொர்க்) போர்ட்டில் கேபிளைச் செருகி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். இடியில் அடிபட்ட போர்டுகளில் பெரும்பாலும் லேன் சிப்தான் முதலில் போகும். உங்கள் பிராசஸர் 2014இல் வந்தது; 2013 போர்டாக இருந்தால், பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பிக்கப்படாமல் அது இயங்காமல் போகலாம். ஆகவே உங்கள் பிராசஸரையே பொருத்தி, கடையிலேயே இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கம்பெனியே முழுதாக அமைத்து விற்கும் பிராண்ட் கணினிகளிலிருந்து கழற்றிய போர்டுகளில் பவர் கனெக்டரே வேறாக இருப்பதுண்டு, அவற்றைத் தவிருங்கள்.

பொருத்தியபின் பயாஸில் சாட்டா முறை (ஹார்டுடிஸ்க் இணைப்பு அமைப்பு: ஏ.எச்.சி.ஐ. அல்லது ஐ.டி.இ.) போய்விட்ட போர்டில் இருந்தபடியே இருக்கட்டும். மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். அதைப் பார்த்து ஹார்டுடிஸ்க் போய்விட்டது என்று ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.

கடையின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். பாதிதான் காட்டினால் எர்த் சரியில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் சேர்க்காமல் வைப்பதே நல்லது. லேன் கேபிள் இல்லையென்றால், அடுத்த இடி அந்த வழியாக உள்ளே வரவும் முடியாது.